டான் போஸ்கோவும் டூரின் நகரத்துத் தெருப் பையன்களும்

'டான்' என்ற வார்த்தையைக் கேட்டதும் நம்மில் பலருக்கு பில்லாதான் ஞாபகத்துக்கு வருவார். கறுப்புக் கண்ணாடி, கோட்டு, பின்னால் நாலு அடியாட்கள். சென்னை எழும்பூர் பக்கம் போகிறவர்கள் 'டான் பாஸ்கோ' என்று ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். அந்த டானுக்கும் இந்த டானுக்கும் சம்பந்தமில்லை. இத்தாலியில் பாதிரியார்களை மரியாதையாகக் கூப்பிடப் பெயருக்கு முன்னால் சேர்க்கிற சொல் அது. ஆனால் இந்த டானின் கதையிலும் தெருவில் திரியும் பையன்கள் வருகிறார்கள். சிறைச்சாலை வருகிறது, அடிதடி வருகிறது, போலீஸ்கூட வருகிறது.

ஜியோவானி போஸ்கோ 1815 ஆகஸ்ட் 16-ம் தேதி வட இத்தாலியின் பியெட்மாண்ட் பகுதியில், பெக்கி என்ற சின்னஞ்சிறு குடியிருப்பில் பிறந்தார். அப்போது 'இத்தாலி' என்று ஒரு நாடே கிடையாது. அந்தப் பகுதி சார்டீனியா ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது. அவருக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மா மார்கரீத்தா எழுதப் படிக்கத் தெரியாத விவசாயப் பெண். வீட்டில் மூத்தாள் மகன் அந்தோனியோ வேறு. 'நிலத்தில் வேலை செய்கிறவனுக்குப் படிப்பு எதற்கு?' என்பது அவன் கட்சி. சண்டை முற்றி, 1828-ல் பன்னிரண்டு வயதுப் பையனை அம்மாவே வேறொரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. ஏறக்குறைய இரண்டு வருடம் அங்கே மாடு மேய்த்தும் வயல் வேலை செய்தும் காலம் போனது. பிறகு கியேரி என்ற ஊரில் படிக்கும்போது ஒரு காபிக் கடையில் வேலை, மாடிப்படிக்கு அடியில் படுக்கை. இந்தப் பகுதியைப் பல புத்தகங்கள் ஒரு பத்தியில் முடித்துவிடும். ஆனால் பின்னால் அவர் செய்த காரியங்களுக்கெல்லாம் விதை இங்கேதான் இருக்கிறது. அப்பா இல்லாத, வீட்டில் இடமில்லாத, அடுத்தவர் தயவில் சாப்பிடுகிற பையனின் நிலை என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

1841 ஜூன் 5-ல் குருப்பட்டம் பெற்றார். மேற்கொண்டு பயிற்சிக்காக டூரின் நகரத்துக்கு வந்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஜியூசெப்பே கஃபாசோ என்ற குரு. இவர் சிறைகளுக்குப் போய்க் கைதிகளைச் சந்திப்பதையே பெரும் பணியாக வைத்திருந்தவர். தூக்குமேடை வரை கைதிகளோடு நடந்து போவார். அவர்தான் இளம் போஸ்கோவையும் சிறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே பார்த்தது அவரை உலுக்கிவிட்டது. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயது வரையிலான பையன்கள். நல்ல உடல்கட்டு, நல்ல மூளை, ஆனால் செய்ய வேலை ஏதும் இல்லாமல், பூச்சிக்கடியோடு, பசியோடு பெரிய குற்றவாளிகளுக்கு நடுவே அடைந்து கிடந்தார்கள். அதைவிட அவரை அதிகம் பாதித்தது வேறொன்று. விடுதலையாகிப் போன பையன்கள் கொஞ்ச நாளிலேயே மறுபடியும் உள்ளே வந்தார்கள். இனி திருந்தி வாழ்கிறேன் என்று மனதாரச் சொல்லிவிட்டுப் போனவர்களும் வந்தார்கள். ஏன்? அவர் கண்டுபிடித்த பதில் ரொம்பச் சாதாரணமானது. வெளியே அவர்களுக்கு ஆள் இல்லை. வாசலில் காத்திருக்க ஒருவர், ஞாயிற்றுக்கிழமை போக ஓர் இடம், வேலை வாங்கித்தர ஒரு சிபாரிசு, எதுவும் இல்லை. அப்படி ஒரு நண்பர் வெளியே இருந்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் உள்ளேயே வந்திருக்க மாட்டார்கள் என்று அவர் யோசிக்க ஆரம்பித்தார். பிறகு அவர் தொடங்கிய பட்டறை, பள்ளி, விடுதி, சபை எல்லாமே இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்கள்தான்.

அன்றைய டூரின் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் இது புரியும். தலைநகரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. எங்கு பார்த்தாலும் கட்டட வேலை. மலைக் கிராமங்களிலிருந்தும் பக்கத்து லொம்பார்டியிலிருந்தும் பிழைப்புத் தேடிப் பையன்கள் வந்து குவிந்தார்கள். சித்தாள் வேலை, புகைபோக்கி சுத்தம் செய்கிற வேலை, கல் செதுக்கும் வேலை. பலர் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்புகிறவர்கள். கிராமத்துப் பங்குக் கோயிலில் இவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது, பெற்றோர் இருந்தார்கள். நகரத்தின் பங்குகளில் இவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. (திருப்பூருக்கும் சென்னைக்கும் ரயிலேறி வரும் வடமாநிலப் பையன்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.)

1841 டிசம்பர் 8. மாதாவின் அமல உற்பவத் திருநாள். டூரினில் அசிசி பிரான்சிஸ் கோயிலில் பூசை வைப்பதற்காக போஸ்கோ உடைமாற்றும் அறையில் தயாராகிக்கொண்டிருந்தார். ஒரு பையன் மூலையில் ஒதுங்கி நின்றான். பூசைக்கு உதவ ஆள் இல்லாததால் கோயில்பிள்ளை அவனைக் கூப்பிட்டார். அவனுக்குத் தெரியாது என்றான். அப்புறம் இங்கே என்னடா வேலை என்று கையில் கிடைத்த தடியால் சாத்தினார் கோயில்பிள்ளை. பையன் ஓடினான். போஸ்கோ அவனைத் திரும்பக் கூட்டிவரச் சொன்னார். அவன் என் சிநேகிதன் என்று காரணமும் சொன்னார். அதுவரை அவனைப் பார்த்ததேயில்லை!

பூசை முடிந்து பேச்சுக் கொடுத்தார். பெயர் பர்த்தொலொமேயோ கரெல்லி. ஊர் ஆஸ்தி. வயது பதினாறு. கொத்து வேலை. அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது, புதுநன்மை வாங்கவில்லை. ஞானோபதேச வகுப்புக்கு ஏன் போவதில்லை என்று கேட்டபோது அவன் சொன்ன காரணம் முக்கியமானது. அங்கே தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளெல்லாம் கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள், இவ்வளவு வளர்ந்துவிட்டுத் தனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெட்கமாக இருக்கிறது என்றான். தனியாகச் சொல்லிக்கொடுத்தால் வருவாயா என்று கேட்டார். அடிக்காமல் இருந்தால் வருகிறேன் என்கிற மாதிரி பதில் வந்தது. அங்கேயே, அப்போதே சிலுவை அடையாளம் போடுவதிலிருந்து ஆரம்பித்தார்கள். அடுத்த முறை அவன் தனியாக வரவில்லை. சில பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். 1842 பிப்ரவரி தொடக்கத்தில் அவர்கள் இருபது பேர்.

இந்தக் கதைக்கு ஆதாரம் போஸ்கோவே முப்பது வருடங்களுக்கும் மேல் கழித்து, 1870-களில் எழுதிய நினைவுக் குறிப்புகள்தான். ஆகவே உரையாடல் வார்த்தைக்கு வார்த்தை அப்படியே நடந்திருக்கும் என்று நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த வெட்கம் மட்டும் கற்பனையாகத் தெரியவில்லை. பின்தங்கிய மாணவனை வகுப்பை விட்டு ஓடவைப்பது பெரும்பாலும் பாடத்தின் கஷ்டம் அல்ல. மற்றவர்கள் பார்க்கிறார்களே என்கிற வெட்கம்தான்.

இதில் இன்னொரு திருத்தமும் சொல்லியாக வேண்டும். டூரினில் இதுபோன்ற வேலையை முதலில் ஆரம்பித்தவர் போஸ்கோ அல்ல. 1840-லேயே ஜியோவானி கொக்கி என்ற குரு, வான்கிலியா என்ற ஏழைப் பகுதியில் தெருப் பையன்களுக்காக ஓர் 'ஆரட்டரி' தொடங்கியிருந்தார். ஆரட்டரி என்றால் ஜெப இடம் என்று பொருள். நடைமுறையில் ஞாயிறும் திருநாளும் பையன்கள் கூடி ஜெபம், ஞானோபதேசம், விளையாட்டு, பாட்டு என்று பொழுதைக் கழிக்கும் இடம். கொக்கியின் பெயர் இன்று வரலாற்று மாணவர்களுக்கு மட்டுமே தெரியும். பின்னால் பெரிய சபை நிற்கிறவர்களைத்தான் உலகம் ஞாபகம் வைத்துக்கொள்கிறது போலும்.

போஸ்கோவின் கூட்டம் பெருகப் பெருகச் சிக்கலும் பெருகியது. நூற்றுக்கணக்கான கொத்து வேலைப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்தில் கூடிக் கத்தினால் யார் வைத்துக்கொள்வார்கள்? 1844-லிருந்து 1846 வரை இந்தக் கூட்டம் இடம் விட்டு இடம் துரத்தப்பட்டது. பரோலோ சீமாட்டி நடத்திய நிலையத்தில் கொஞ்ச நாள், ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரே ஒரு ஞாயிறு, நகராட்சி மாவு மில்களின் பக்கத்தில் சில மாதம், வாடகைக்கு எடுத்த மூன்று அறைகளில் சில மாதம், கடைசியில் வெறும் புல்வெளி. சம்பளம் கொடுத்து வேலையில் வைத்திருந்த பரோலோ சீமாட்டி, உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார் என்ற கவலையோடு, என் நிலையமா உன் பையன்களா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார். போஸ்கோ பையன்களைத் தேர்ந்தெடுத்தார். வேலை போயிற்று.

போலீஸ் வேறு. நகரத்தின் காவல் பொறுப்பு அப்போது மிக்கேலே கவூர் பிரபுவிடம் இருந்தது. (பின்னாளில் இத்தாலியை ஒன்றிணைத்த கவூரின் அப்பா இவர்.) புரட்சிப் பயம் ஐரோப்பா முழுக்க இருந்த காலம். ஒரு பாதிரியார் ஒரு வார்த்தை சொன்னால் நூற்றுக்கணக்கான முரட்டுப் பையன்கள் கேட்கிறார்கள் என்றால் அரசாங்கத்துக்கு உதறல் எடுக்காதா? ஞாயிறுதோறும் காவலர்கள் வந்து நின்று கவனித்தார்கள். உடன் குருக்களோ அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றே முடிவு செய்தார்கள். இரண்டு பேர் வண்டி கொண்டு வந்து, காற்று வாங்கப் போகலாம் என்று கூப்பிட்டார்களாம். விஷயத்தைப் புரிந்துகொண்ட போஸ்கோ, நீங்கள் முதலில் ஏறுங்கள் என்று மரியாதையாக ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தி, மனநோய் மருத்துவமனைக்கு ஓட்டு என்று வண்டிக்காரனுக்கு உத்தரவு போட்டார். இதை அவரே ரசித்து எழுதி வைத்திருக்கிறார்.

1846 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு. வால்தொக்கோ என்ற புறநகரில் பினார்தி என்பவரிடம் வாடகைக்கு எடுத்த ஒரு தாழ்ந்த கொட்டகைக்குள் பையன்களோடு நுழைந்தார். தலை இடிக்காமல் இருக்கத் தரையைத் தோண்டி இறக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து யாரும் அவர்களைக் கிளப்பவில்லை. அதே வருடம் நவம்பரில் அம்மா மார்கரீத்தாவும் கிராமத்தை விட்டு மகனுக்குத் துணையாக வந்து சேர்ந்தார். வயது ஐம்பத்தெட்டு. கல்யாணத்துக்கு எடுத்த துணிமணிகள்கூடப் பையன்களுக்காக விற்பனைக்குப் போயின. ஒருமுறை பையன்கள் போர் விளையாட்டு விளையாடி அவர் பாடுபட்டு வளர்த்த காய்கறித் தோட்டத்தை மிதித்துத் துவைத்துவிட்டார்கள். போதும்டா சாமி, ஊருக்கே போகிறேன் என்று கிளம்பிவிட்டாராம். மகன் பதில் பேசாமல் சுவரில் இருந்த சிலுவையைக் காட்டினார். அம்மா தங்கிவிட்டார். 1856-ல் இறக்கும் வரை, பத்து வருடம்.

தங்குவதற்கு இடம் கொடுக்கும் முயற்சி முதலில் படுதோல்வி. வீடில்லாத சில இளைஞர்களை வைக்கோல் பரணில் படுக்க வைத்தார். காலையில் பார்த்தால் ஆளும் இல்லை, போர்வையும் இல்லை. 1847 மே மாதம் ஒரு மழை இரவில், நனைந்து ஊறிய ஒரு பையன் கதவைத் தட்டினான். பதினைந்து வயது இருக்கும், வல்சேசியா மலைப்பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தவன். கொண்டுவந்த மூன்று லீரா செலவாகிவிட்டது. சாப்பிடக் கொடுத்த பிறகு, மறுபடியும் போர்வையோடு போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அம்மாவுக்கும் மகனுக்கும் இருந்தது. இருந்தாலும் சமையலறையில் செங்கல் அடுக்கிப் பலகை போட்டுப் படுக்கை தயாரானது. படுக்கும் முன் மார்கரீத்தா அவனிடம் உழைப்பு, நேர்மை, கடவுள் பற்றி நாலு வார்த்தை பேசினார். சலேசிய விடுதிகளில் இரவு படுக்கப் போகும் முன் பொறுப்பாளர் சுருக்கமாகப் பேசும் வழக்கத்துக்கு இதைத்தான் ஆரம்பமாகச் சொல்கிறார்கள். அந்தப் பையன் போர்வையோடு ஓடவில்லை. விடுதியின் முதல் மாணவன் அவன்தான், ஆனால் போஸ்கோ தம் குறிப்புகளில் அவன் பெயரை எழுதவில்லை.

இதுவரை சொன்னது தர்ம காரியம் மாதிரிதான் தெரியும். போஸ்கோவைத் தனித்துக் காட்டுவது அவர் வார நாட்களில் செய்த வேலை. ஞாயிறு ஜெபம் சொல்லிக்கொடுத்துவிட்டு 'அடுத்த வாரம் பார்ப்போம்' என்று அனுப்பியிருக்கலாம். அவரோ திங்கள் முதல் சனி வரை கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கும் பட்டறைகளுக்கும் போனார். சாரத்தின் மேல் நிற்கிற பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முதலாளியிடம் அவனைப் பற்றி விசாரித்தார். பையனுக்கு உற்சாகம், முதலாளிக்கோ இவனைக் கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்ற எச்சரிக்கை.

1850-களின் தொடக்கத்தில் இது எழுத்தில் வந்தது. தொழில் பழகும் பையன்களுக்காக முதலாளிகளோடு அவர் ஒப்பந்தம் போட ஆரம்பித்தார். 1851 நவம்பரில் கண்ணாடி போடும் தொழில் பழகிய ஒரு பையனுக்கும், 1852 பிப்ரவரியில் தச்சு வேலை பழகிய ஒரு பையனுக்கும் போட்ட ஒப்பந்தங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் உள்ள விஷயங்களைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். தொழிலை முழுதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். வீட்டு வேலை, எடுபிடி வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. தப்புச் செய்தால் வார்த்தையால் மட்டும் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது. திருநாட்களில் விடுமுறை தர வேண்டும். வருடத்துக்கு வருடம் கூலி ஏற வேண்டும். பையன் தரப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் போஸ்கோவும் ஒருவர். கோயில்பிள்ளை தடியால் சாத்திய காட்சியையும், 'அடிக்கக் கூடாது' என்று பத்திரத்தில் எழுதி முதலாளியைக் கையெழுத்துப் போட வைத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பத்து வருடத்தில் அவர் எவ்வளவு தூரம் வந்திருந்தார் என்று தெரியும்.

அதே வருடங்களில் வேறு சில வேலைகளும் நடந்தன. மாலை நேர வகுப்புகள் இருந்தன. சார்டீனியா ராஜ்ஜியம் 1850-ல் மெட்ரிக் அளவுகளுக்கு மாறப் போகிறது என்றதும், கிலோவும் மீட்டரும் தெரியாமல் பையன்கள் ஏமாந்துவிடக் கூடாதே என்று எளிய நடையில் ஒரு சிறு புத்தகம் எழுதினார். 1850-ல் பையன்களுக்குள்ளேயே ஒரு பரஸ்பர உதவிச் சங்கம் ஆரம்பமானது. ஞாயிறுதோறும் ஒரு சோல்தோ சந்தா. நோய்வாய்ப்பட்டாலோ வேலை போனாலோ ஒரு நாளைக்கு ஐம்பது செந்தேசிமி உதவி. 1853-லிருந்து வால்தொக்கோவிலேயே பட்டறைகள் வந்தன. முதலில் செருப்புத் தைத்தலும் தையலும், பிறகு புத்தக பைண்டிங், தச்சு, அச்சகம். வெளிப் பட்டறைகளில் கேட்கிற கெட்ட பேச்சும் படுகிற அடியும் இல்லாமல் தொழில் கற்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இனி ஒரே ஒரு பையனைப் பற்றி. 1857 இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, போஸ்கோ கர்மஞ்ஞோலா ரயில் நிலையத்தில் டூரின் வண்டிக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாத மூடுபனி. பனிக்குள்ளிருந்து பையன்கள் விளையாடும் கூச்சல், அதில் ஒரு குரல் மட்டும் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தது. போஸ்கோ சட்டென்று கூட்டத்தின் நடுவில் போய் நின்றார். எல்லாரும் சிதறி ஓடினார்கள். ஒருவன் மட்டும் ஓடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எங்கள் ஆட்டத்தில் நுழைய நீ யார் என்று கேட்டான். அவன்தான் மிக்கேலே மகோனே. வயது பதின்மூன்று. அப்பா இல்லை. பள்ளியில் பெயர் கெட்டவன். கூட்டத்துக்கு 'ஜெனரல்'. என்ன தொழில் கற்றிருக்கிறாய் என்றதற்கு, சும்மா இருக்கும் தொழில் என்று பதில் சொன்னான். இப்படியே போனால் எங்கே போய் முடியும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. கூட்டாளிகளில் சிலர் ஏற்கெனவே சிறையில். வண்டி வந்துவிட்டது. போஸ்கோ அவன் கையில் ஒரு சுரூபத்தைக் கொடுத்து, இதைக் கொடுத்தவர் யாரென்று துணைப் பங்குக்குருவிடம் கேள் என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார்.

சில நாளில் மகோனே வால்தொக்கோ வந்து சேர்ந்தான். அவனோடு பழக, வழி சொல்ல ஒரு மூத்த மாணவனை நியமித்தார்கள். முதல் ஒரு மாதம் மைதானமே அவன் கையில். பீரங்கியிலிருந்து கிளம்பிய குண்டு மாதிரி ஓடுவான். பிறகு திடீரென்று சோர்ந்துபோனான். விளையாட்டில் மனம் இல்லை. மற்றவர்கள் நிம்மதியாக ஜெபிப்பதைப் பார்த்தால் அழுகை வந்தது. தன் பழைய வாழ்க்கை தொண்டையில் நின்றது. போஸ்கோ அவனைக் கூப்பிட்டு விசாரித்தார். உடனே உபதேசத்தில் இறங்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தவித்தவனுக்கு வழியை மட்டும் எளிதாக்கிக் கொடுத்தார். பாவசங்கீர்த்தனம் செய்து முடித்த இரவில் அவன் தூங்கவே இல்லை, சந்தோஷத்தில். அதற்குப் பிறகும் அவன் சாதுவாகிவிடவில்லை என்பதுதான் நல்ல செய்தி. கோபம் அப்படியே இருந்தது. டூரின் நகரச் சதுக்கத்தில் கடவுளைத் திட்டிய ஒரு பையனோடு கைகலப்பில் இறங்கியவன் அவன். அந்த வேகத்தை அடக்காமல் திருப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

1859 ஜனவரியில், பதினான்காவது வயதில் மகோனே நோயில் இறந்துபோனான். போஸ்கோ 1861-ல் அவன் வாழ்க்கையைச் சிறு நூலாக எழுதினார். தோமினிக் சாவியோ பற்றியும், பெசுக்கோ என்ற மலைநாட்டுப் பையன் பற்றியும் இதேபோல எழுதினார். மூன்று பேருமே அவர் கண்ணெதிரில் வளர்ந்து இளவயதில் இறந்தவர்கள். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இறந்த பையனின் கதையை முழுமையான கதையாக எழுதிவிடலாம். உயிரோடு இருந்து கொத்தனாராகி, கல்யாணம் செய்து, கடன் வாங்கி, சில சமயம் குடித்து, சில சமயம் பூசைக்கு வந்து வாழ்ந்த ஆயிரக்கணக்கான வால்தொக்கோ பையன்களின் வாழ்க்கை எந்த நூலிலும் இல்லை. அந்த வேலையின் உண்மையான வெற்றி தோல்வி அவர்களிடம்தான் இருந்தது.

1859 டிசம்பரில் தம் பழைய மாணவர்களையே சேர்த்து ஒரு சபை தொடங்கினார். பிரான்சிஸ் சலேசியார் என்ற புனிதரின் பெயரில் 'சலேசியர்'. 1872-ல் மரிய மசரெல்லோவோடு சேர்ந்து பெண் பிள்ளைகளுக்காக ஒரு கன்னியர் சபை. 1875-ல் அர்ஜென்டினாவுக்கு முதல் மிஷனரிகள். 1877-ல் தம் முறையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். சட்டத்தைப் போட்டுவிட்டு, மீறுகிறவன் வரும் வரை காத்திருந்து தண்டிப்பது ஒரு முறை. பையன் தவறும் நிலைமையே வராதபடி பெரியவர்கள் கூடவே இருப்பது இன்னொரு முறை. இரண்டாவதைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். அதற்கு அறிவு, சமயம், அன்பு என்று மூன்று தூண்கள். இந்தக் கட்டுரையைக் கல்வியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். உண்மையில் அது ரொம்பச் சுருக்கமானது. அவர் தத்துவம் எழுதும் ஆள் அல்ல.

அதைவிட முக்கியமானது 1884 மே 10-ல் ரோமிலிருந்து டூரினுக்கு எழுதிய கடிதம். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது, உடம்பு தளர்ந்துவிட்டது. கனவு கண்டதாகச் சொல்லி எழுதப்பட்ட கடிதம் அது. வாசகத்தைத் தயார் செய்தவர் அவருடைய செயலர் லெமோய்னே. கனவில் முதலில் பழைய மைதானம் தெரிகிறது. பையன்கள் ஓடுகிறார்கள், குருக்களும் கூடவே ஓடுகிறார்கள், கதை சொல்கிறார்கள், சிரிக்கிறார்கள். பிறகு இப்போதைய மைதானம். பையன்கள் தூணில் சாய்ந்து நிற்கிறார்கள். மூலையில் சிலர் கிசுகிசுக்கிறார்கள். குருக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு உலாவுகிறார்கள், அல்லது தூரத்தில் நின்று கண்காணிக்கிறார்கள். இந்தக் குருக்கள் பையன்களுக்காக ராப்பகலாக உழைக்கவில்லையா? உழைக்கிறார்கள். நேசிக்கவில்லையா? நேசிக்கிறார்கள். ஆனால் அந்த நேசம் பையன்களுக்குத் தெரியவில்லை, அதுதான் குறை என்கிறது கடிதம். பையன்கள் விரும்புவதில் பெரியவர்கள் கலந்துகொண்டால்தான், பெரியவர்கள் விரும்புவதைப் பையன்கள் கற்றுக்கொள்வார்கள் என்பது அதன் சாரம்.

ஒரு நிறுவனத்தின் ஸ்தாபகரே, தான் உயிரோடு இருக்கும்போதே, தன் தலைமையிடத்திலேயே, ஆரம்பித்த காரியம் தேய்ந்துவருகிறது என்று எழுத்தில் சொல்வது அபூர்வம். கொட்டகையில் நானூறு பேர் இருந்தபோது எல்லார் பெயரும் ஒருவருக்குத் தெரிந்தது. கட்டடம் வந்து, மணியடித்து, வரிசையில் நிற்க வைத்து, நாட்டுக்கு நாடு கிளை விட்ட பிறகு அது எளிதல்ல. இளைஞர் பணி என்று எங்கு ஆரம்பித்தாலும் இந்த இடத்தில்தான் வந்து முட்டிக்கொள்கிறது.

இதன் இருண்ட பக்கத்தையும் மறைக்கக் கூடாது. பெரியவர்கள் பிள்ளைகளோடு நெருக்கமாக இருப்பதையே அடிப்படையாக வைத்த முறை இது. அந்த நெருக்கத்தைக் கெட்டவர்கள் பயன்படுத்திக்கொண்டால் பிள்ளைக்குத் தப்பிக்க வழி இருக்காது. இருபதாம் நூற்றாண்டில் கத்தோலிக்க நிறுவனங்கள் பலவற்றில் பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானது பிறகு வெளியே வந்தது. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சலேசியப் பள்ளிகள் தொடர்பான வழக்குகளும் நீதிமன்றத்தில் தண்டனை வரை போயின. போஸ்கோ 1852-ல் முதலாளியின் நல்ல மனதை மட்டும் நம்பாமல் பத்திரத்தில் எழுதி வாங்கினார். அதே கண்டிப்பு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற சபைகளின் மேலேயே இருந்திருக்க வேண்டும். பல இடங்களில் அது ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது.

போஸ்கோ 1888 ஜனவரி 31-ல் இறந்தார். 1934 ஈஸ்டர் அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருக்குப் பின் சபையின் தலைவரானவர் மிக்கேலே ரூவா. இவர் டூரினில் அப்பாவை இழந்த பையன். எட்டு வயது வாக்கில், போஸ்கோ பையன்களுக்குச் சுரூபம் கொடுத்துக்கொண்டிருந்த வரிசையில் போய் நின்றான். அவன் முறை வந்தபோது எல்லாம் தீர்ந்துவிட்டது. போஸ்கோ தம் இடது கையை நீட்டி, வலது கையால் அதைப் பாதியாக வெட்டிக் கொடுப்பதுபோல் சைகை செய்து, எடுத்துக்கொள் என்றார். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. சில வருடம் கழித்துக் கேட்டபோது, நாம் இரண்டு பேரும் எல்லாவற்றையும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளப் போகிறோம் என்று அர்த்தம் சொன்னார்.

இந்த ரூவா தலைவராக இருந்தபோதுதான், மயிலாப்பூர் ஆயரின் அழைப்பை ஏற்று சலேசியர்களின் முதல் குழு இந்தியாவுக்குக் கப்பலேறியது. தலைமை தாங்கியவர் ஜார்ஜ் தொமாத்திஸ் என்ற குரு. 1906 ஜனவரி 14-ம் தேதி, பொங்கல் சமயத்தில், அவர்கள் தஞ்சாவூர் வந்து இறங்கினார்கள். அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் வேலை, அங்கிருந்த ஓர் அனாதைப் பிள்ளைகள் இல்லம்.